‘செயலருக்காக’ வந்தவள்

என் தங்கை தன் வாழ்க்கையில் போராடி வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திய அப்பா அவளையும் நிறுத்தப் பார்த்தபோது, வாசற்படியில் உட்கார்ந்து சோறு வேண்டாம் என்று அடம்பிடித்து வாங்கிய ஒன்பதாம் வகுப்பு. இடது காது கேட்காது என்று மருத்துவக் குழு தள்ளிவிட்ட பிறகும், மேல்முறையீடு செய்து வாங்கிய அரசாங்க வேலை. ‘வேலையா, வீடா, ஒன்றைச் சொல்’ என்ற புருஷனிடமிருந்து விடுதலை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போன பிறகு, சண்டை போட்டு வாங்கிய கண்காணிப்பாளர் நாற்காலி. பிறகு, மூன்றாம் மாடியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை. நாற்காலியைவிட அதற்குத்தான் அதிக மனு எழுதினாள்.

பத்திரிகைகள் இதில் ஒன்றையும் எழுதவில்லை. ஒரு பத்திரிகை அவளை வீராங்கனை என்றது. இன்னொன்று, சம்பளம் கொடுத்த இடத்துக்கே கொள்ளி வைத்தவள் என்றது. இரண்டு பேருக்கும் அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவளுக்கு மூத்தவள், ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் காலரின் இரண்டு முனையும் ஒரே அளவில் வராவிட்டால் பிரித்துத் திரும்பத் தைப்பேன். அதே மாதிரிதான் இதையும் எழுதுகிறேன். கோபமாக எழுதுகிறாய் என்று யாராவது சொன்னால், ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

துறைமுகத் துறையின் தலைமை அலுவலகத்தில், செயலரின் அறைக்கு வெளியே இருக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. செயலர் என்றால் அமைச்சருக்கு அடுத்தபடி, துறைக்கே தலைவர். அவ்வளவு பெரியவர் எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். அடியில் ‘செயலருக்காக’ என்று தட்டச்சு செய்திருக்கும்; அதன் மேல் என் தங்கை இரண்டு எழுத்தில் கிறுக்குவாள். கடிதம் அவருடையது, பேனா இவளுடையது. போனை எடுத்தாலும் அதேதான். “செயலருக்காகப் பேசறேன், சொல்லுங்க.” வருஷக்கணக்காக அப்படியே சொல்லிச் சொல்லி, ஒரு தடவை என்னிடமே அப்படிச் சொல்லிவிட்டாள்.

“செயலருக்காகப் பேசறியா? அக்காவுக்காக வர்றப்ப பால் வாங்கிட்டு வா” என்றேன்.

“சிரிக்காதேக்கா, வாய் அதுவாச் சொல்லுது.”

“இப்படியே போனா உன் பேரே உனக்கு மறந்துடும்டி.”

“பேரை யாரு கேக்கறா?” என்றாள். அன்று இரண்டு பேரும் சிரித்தோம்.

புயல் வந்தது அக்டோபரில். துறைமுகத்தில் உயரமான கம்பம் ஒன்று இருக்கிறது. புயல் வரும் என்றால் அதில் கூண்டு ஏற்றுவார்கள். கையில் போன் இருந்தாலும் கடலுக்குப் போகிறவர்களின் கண் அந்தக் கம்பத்தின் மேல்தான். கூண்டு இல்லையென்றால் படகை எடுப்பார்கள். ஏற்றுகிறவர் ஒரு சாதாரணப் பணியாளர். அவரை எல்லோரும் கூண்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தலைமை அலுவலகம் சொன்னால்தான் ஏற்றலாம்.

அன்று காலையில் வானிலை அலுவலகத்திலிருந்து போன். எடுத்தது என் தங்கை. கேட்டதைக் கேட்டபடி செயலரிடம் போய்ச் சொன்னாள். செயலர் அமைச்சரின் அறைக்குள் போனார். அன்று பிற்பகல் அமைச்சர் துறைமுகத்துக்குப் போய்ப் புதுப் படகுகளைக் கொடியசைத்து அனுப்புவதாக இருந்தது. பந்தல் போட்டாயிற்று. ஒலிபெருக்கி கட்டியாயிற்று.

செயலர் வெளியே வராண்டாவுக்கு வந்து இவளிடம் சொன்னது இது: “முதல்ல கொடி அசைச்சு முடியட்டும். அப்புறம் கூண்டு ஏறட்டும். கூண்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு யாரும்மா கொடி அசைப்பாங்க?”

“சார், படகெல்லாம் போயிடுமே.”

“போற படகு திரும்பி வரும்.”

கொஞ்ச நேரத்தில் கூண்டுக்காரர் போன் செய்தார். “அம்மா, காத்து திசை மாறுது. எனக்கு நல்லாப் படல. ஏத்திடலாமா?”

“உத்தரவு வரட்டும், காத்திருங்க. செயலருக்காகச் சொல்றேன்” என்றாள் இவள்.

அவர் மறுபடியும் கூப்பிட்டார். இவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

கொடி அசைந்தது. கைதட்டினார்கள். படகுகள் போயின. கூண்டு ஏறியபோது மழை பிடித்துக்கொண்டுவிட்டது. பதினேழு பேர் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரமே துறை ஓர் அறிக்கை விட்டது: உத்தரவு உரிய நேரத்தில் போய்விட்டது, கூண்டு ஏற்றும் பணியாளர்தான் அசட்டையாக இருந்துவிட்டார். கூண்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி, கைது செய்தார்கள். “ஆபீஸ்லருந்து ஒரு அம்மா காத்திருக்கச் சொன்னாங்க” என்றார் அவர். எந்த அம்மா? “பேரு தெரியாதுங்க. செயலருக்காகப் பேசறேன்னு சொல்லுவாங்க.” காவல் நிலையத்தில் சிரித்தார்களாம். பேர் இல்லாத அம்மாவை எங்கே போய்த் தேடுவது?

சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்து, எம்.எல்.ஏ.க்களை வைத்தே ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். குழு செயலரைக் கூப்பிட்டது. முதல் தடவை, நெஞ்சுவலி என்று பதில் போனது. அந்த நெஞ்சோடு அவர் ஒரு கட்டடத் திறப்பு விழாவில் கத்தரிக்கோல் பிடித்து நின்ற படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. இரண்டாம் தடவை, வெளிநாட்டுப் பயணம். மூன்றாம் தடவை நோயும் இல்லை, பயணமும் இல்லை. நேராக உரிமையையே எடுத்துவிட்டார்கள்: அமைச்சரும் அதிகாரிகளும் ஆலோசித்தது இரகசியம், அதைச் சட்டமன்றம் கேட்க முடியாது, சொல்லாமல் இருப்பது அரசின் சிறப்புரிமை, ஆகவே செயலர் வரமாட்டார்.

அந்த உரிமைக்கு என் தங்கையே நியாயம் சொல்வாள். “அதிகாரி பயப்படாம அமைச்சர்கிட்ட மனசுல பட்டதைச் சொல்லணும்க்கா. நாளைக்கு எல்லாம் வெளிய வரும்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான். ஆமாம் சாமி மட்டும்தான் போடுவான்.” இருக்கலாம். ஆனால் நல்லதை நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்று வைத்த உரிமையை, கெட்டதை மூடிவைக்கப் போர்வையாக்கியவர்களை என்ன செய்வது? அப்படிக் கேட்டால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ராத்திரி தூங்காமல் கிடந்ததன் அடையாளம் மட்டும் கண்ணுக்குக் கீழே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூண்டுக்காரரின் மனைவி வந்தார். அவர் பெரிய ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. செயலர் அலுவலகத்தில் கொஞ்சம் மனுஷத்தன்மை உள்ளவர் என்று யாரோ என் தங்கையின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு உதவிங்க. அன்னைக்குப் போன்ல பேசின அம்மா யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. நான் சண்டைக்குப் போகமாட்டேன். வந்து உண்மையைச் சொல்லுங்கன்னு கால்ல விழுவேன்.”

என் தங்கை கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

“விழ வேணாம். அந்த அம்மா நான்தான்.”

எனக்கு அதுவரை தெரியாது. மடித்த துணி என் மடியிலேயே கிடந்தது. அந்த மனைவி அழுவார் அல்லது அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. எழுந்து நின்றார்.

“அப்ப எந்திரிச்சு வாங்க.”

“எங்கே?”

“எங்க கேக்கறாங்களோ அங்க.”

“என்னைக் கூப்பிடலைங்க. குழு கூப்பிட்டது செயலரை.”

“அவரு வரமாட்டாரு. உங்களைக் கூப்பிடல. அப்ப எங்க வீட்டுக்காரர் மட்டும் எப்படிங்க போனாரு? அவருக்கு மட்டும் நெஞ்சுவலி வராதா? அவரைப் போலீஸ்காரன் சட்டையைப் பிடிச்சு இல்ல இழுத்துட்டுப் போனான்!”

இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மேலே இருப்பவருக்கு வராமல் இருக்க ஓர் உரிமை இருக்கிறது, அதற்கு வாதாட வக்கீல் இருக்கிறார். கீழே இருப்பவருக்குக் கையில் விலங்கு இருக்கிறது. இதை எந்தச் சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

கூண்டுக்காரரின் மனைவி போன பிறகு நான் என் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்டி என்கிட்டகூடச் சொல்லல?”

“சொன்னா என்னைப் போய்ச் சொல்லச் சொல்லுவே.”

“சொல்லாம? பின்ன கொஞ்சுவேனா உன்னை?”

“வேலை போயிடும்க்கா.”

“போகட்டும்.”

“சுலபமாச் சொல்லிட்டே. இந்த வேலைக்காக என்னென்ன விட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதனால் மறுபடி துணியை மடிக்க உட்கார்ந்தேன்.

நான்காம் தடவை குழு, செயலர் வராவிட்டால் அவமதிப்பு நடவடிக்கை என்று எழுதியது. அப்போது துறை ஒரு தந்திரம் செய்தது. செயலர் வரமாட்டார், அவருக்காக ஓர் அலுவலர் வருவார். யார் வருவது? இத்தனை வருஷமாக ‘செயலருக்காக’ என்று போட்டுப் பழகிய கை எது? செயலர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். தரைவிரிப்பு, குளிர்சாதனம், மேஜையில் இரண்டு போன். உட்காரச் சொன்னாராம். அத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

“ஒண்ணுமே இல்லம்மா. போய் வருகைத்தாள்ல செயலருக்காகன்னு கையெழுத்துப் போடுங்க. எதைக் கேட்டாலும் ஒரே வரி: ‘இது அமைச்சருக்கு அளிக்கப்பட்ட ஆலோசனை, பதில் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.’ அவ்வளவுதான். செயலருக்காகப் போறதால என்னோட பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு.”

“சார், கூண்டுக்காரர் பொய் சொல்லலையே.”

“அவர் சொல்றது நிஜமா பொய்யாங்கறது நம்ம கேள்வியே இல்லம்மா. அதைக் கேக்க அவங்களுக்கு உரிமை உண்டாங்கறதுதான் நம்ம கேள்வி.”

இதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது, எனக்கு அந்த இரண்டு போனையும் கடலில் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

“சரி, அந்த வரியைச் சொல்லிப் பழகிக்க. நான் எம்.எல்.ஏ.” என்று சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். “ஏம்மா, வெளிய மழை பெய்யுதா?”

“இது அமைச்சருக்கு அளிக்கப்பட்ட ஆலோசனை, பதில் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.”

“உங்க அக்கா நல்லவளா?”

“இது அமைச்சருக்கு அளிக்கப்பட்ட…” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

“அந்தப் பதினேழு பேர் எங்கம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். வரி வரவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

குழுவின் விசாரணையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பதால் நான் தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு போனேன். அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. குதிரை லாட வடிவில் மேஜைகள். நடுவில் சாட்சிக்கு ஒரு நாற்காலி, தண்ணீர்க் குவளை, ஒலிவாங்கி. பின்னால் எங்களுக்கு இரண்டு பெஞ்சு. கூண்டுக்காரரின் மனைவி எனக்கு முன்பே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவர் தலை நரைத்த ஓர் அம்மா; முன்பு செவிலியராக இருந்தவராம்.

குழுவின் எழுத்தர் வருகைத்தாளை என் தங்கை முன்னால் வைத்தார். அதில் ‘செயலருக்காக’ என்று முன்னமே தட்டச்சு செய்திருந்தது. அவள் பேனாவை எடுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

“இந்த வார்த்தையை அடிச்சுடலாங்களா?”

“எந்த வார்த்தைம்மா?”

“செயலருக்காக.”

“அப்ப யாருக்காக வந்திருக்கீங்க?”

“யாருக்காகவும் இல்ல.”

அவள் குரல் பெரிதாக எழவில்லை. ஆனால் ஒலிவாங்கி திறந்திருந்தது. துறையின் வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசினார்.

“தலைவர் அவர்களே, குழு கூப்பிட்டது செயலரை. இவங்களை யாரும் கூப்பிடல. செயலருக்காக இல்லைன்னா இவங்க இங்க வழி தப்பி வந்தவங்க.”

“நாலு தடவை கூப்பிட்டும் ஆளைக் காணோம். வழி தப்பியாவது ஒருத்தர் வந்து சேர்ந்தாங்களே” என்றார் தலைவர். “உக்காருங்கம்மா. நீங்களா விரும்பிச் சாட்சி சொல்றீங்களா?”

“ஆமாங்க.”

“பாதுகாப்பு எதுவும் இருக்காது. தெரியுமா?”

“தெரியுங்க.”

வக்கீல் விடவில்லை. “அமைச்சருடன் நடந்த ஆலோசனை இரகசியம். இவர் அதை வெளியிடக் கூடாது.”

என் தங்கை அவர் பக்கம் திரும்பினாள். “அமைச்சர் ரூம்ல யார் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க சார். நான் உள்ள போகல. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வெளிய வந்து செயலர் என்கிட்ட சொன்னதைச் சொல்றேன். நான் கூண்டுக்காரர்கிட்ட சொன்னதைச் சொல்றேன். வராண்டாவுல நின்னு சொன்னது எப்படி சார் ஆலோசனை ஆகும்? அது உத்தரவு.”

உறுப்பினர்கள் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். தலைவர் நிமிர்ந்து, “சொல்லுங்க” என்றார். சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள்.

அவள் சொன்னாள். கொடி, கூண்டு, போற படகு திரும்பி வரும், எல்லாவற்றையும், கூட்டாமல் குறைக்காமல். அந்த ஆளுங்கட்சி உறுப்பினர் அவளுடைய பணிப் பதிவேட்டை எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார்.

“உங்களுக்கு ஒரு காது கேக்காதாமே? காது கேக்காதவங்க போன்ல கேட்டதை நாங்க நம்பணுமா?”

“போனை நல்ல காதுலதான் வெப்பேன் சார்.”

பெஞ்சில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, மேஜை மேல் ஏறி அந்த ஆளின் இரண்டு காதையும் திருகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் கடைசியாகக் கேட்டார். “ரெண்டு தடவையும் கூண்டு ஏத்தாதீங்க, காத்திருங்கன்னு சொன்னது யாரும்மா?”

“நான்.”

“செயலருக்காகவா?”

“அப்படித்தான் அன்னைக்குச் சொன்னேன். ஆனா சொன்ன வாய் என்னுதுங்க. அவர் ஏத்தறேன்னுதான் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்.”

கூண்டுக்காரரின் மனைவி எழுந்து நின்றார். காவலர் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை. கூண்டுக்காரரை விட்டுவிட்டார்கள், வழக்கையும் எடுத்துவிட்டார்கள். வேலையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் தங்கையை இடைநீக்கம் செய்தார்கள். அந்த ஆணையை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கூண்டு ஏற்ற வேண்டாம் என்று சொன்னதற்காக அவளைத் தண்டித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவளும் அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் ஆணையில் இருந்த குற்றம் அது இல்லை. ‘அனுமதியின்றி விசாரணைக் குழுவின் முன் ஆஜரானது.’ செயலருக்காகப் போகத்தான் அனுமதியாம், தானாகச் சாட்சி சொல்ல இல்லையாம். வராதவர் மேல் குற்றம் இல்லை. வந்தவள் மேல் குற்றம். செயலர் இன்றைய தேதி வரை அந்தக் குழுவின் முன் வரவில்லை. வேறொரு துறைக்கு, இதைவிடப் பெரிய அறைக்கு மாறிப் போய்விட்டார். அங்கே அவருக்காக இப்போது யார் கையெழுத்துப் போடுகிறார்களோ, அந்தப் பிள்ளைக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால் தேவலை.

அன்று விசாரணை முடிந்ததும் நாங்கள் உடனே கிளம்ப முடியவில்லை. சாட்சி சொன்னதைத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, சரி என்று கையெழுத்து வாங்க வேண்டுமாம். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்தில் ‘சொல்லப்பட்டது’ என்று இருந்ததை அடித்து ‘நான் சொன்னேன்’ என்று மாற்றச் சொன்னாள். எழுத்தர் முகம் சுளித்துக்கொண்டே மாற்றினார். பழக்கத்தில் அவள் கை இரண்டு எழுத்தில் கிறுக்கப் போனது, நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டாள். அப்பா பெயரின் முதலெழுத்தில் தொடங்கி, தன் பெயரை முழுசாக, ஓர் எழுத்தையும் விழுங்காமல் எழுதினாள். மேலே யாருடைய பதவியும் இல்லை. அந்தத் துறையில் சேர்ந்த பிறகு ஓர் அரசாங்கத் தாளில் தான் சொன்னதற்குத் தானே பொறுப்பு என்று அவள் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது அதுதான் முதல் தடவை. எழுத்தர் தேதியும் போடச் சொன்னார். போட்டாள்: வியாழக்கிழமை, பிப்ரவரி 19, 2015.